பட்டறையில் பிறந்த படைக்கலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் கல்லூரி மலரில் அறிவியலறிஞர் வரலாறு என்றால் நியூட்டன், எடிசன், மேரி கியூரி, சர் சி. வி. இராமன் ஆகியோரைப் பற்றி எழுதுவதே வழக்கம். அந்த வரிசையில் ஒரு துப்பாக்கி செய்தவரைச் சேர்க்க நான் விரும்பியபோது, கொல்லும் கருவியைச் செய்தவருக்குப் பாராட்டு எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்கு என்னாலான விடையை இறுதியில் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

ஆலைச் சிறுவன்

ஜான் கேரண்ட் 1888ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் செயின்ட் ரெமி என்னும் ஊருக்கு அருகே ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். தாய்மொழி பிரெஞ்சு. வீட்டில் பிள்ளைகள் பன்னிருவர். சிறு வயதிலேயே தாய் மறைந்தார். தந்தை குடும்பத்தோடு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஜூவெட் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நெசவாலையில் தரை பெருக்கும் வேலை சிறுவனுக்குக் கிடைத்தது. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. ஆங்கிலத்தையும் எந்திரத்தையும் அவர் கற்றது அந்த ஆலையில்தான். பதினெட்டு வயதில் தேர்ந்த எந்திர வினைஞராகிவிட்டார்.

பின்னர் பிராவிடென்ஸ் நகரின் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். திருகு அளவி, வெர்னியர் அளவி முதலான நுண்ணளவுக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. ஆய்வகத்தில் திருகு அளவியைப் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை நாம் தேடுகிறோம் அல்லவா? அந்த நுட்பம் அவருக்கு அன்றாடத் தொழிலாயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் பட்டறையில் கற்பதும் கல்வியே என்பதைக் கேரண்டின் வாழ்வு எனக்கு உறுதிப்படுத்தியது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல் அவர் ஓர் இலகு எந்திரத் துப்பாக்கியை வடிவமைத்து அரசுக்கு அனுப்பினார். அதைக் கண்ட அரசு 1918இல் அவரை வாஷிங்டனில் உள்ள தர நிர்ணய நிறுவனத்துக்கு அழைத்தது. 1919இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையில் பணியமர்ந்தார். 1920இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1953இல் ஓய்வு பெறும்வரை அந்தச் சாலையை விட்டு அவர் நீங்கவில்லை.

ஒரு விசை, ஒரு குண்டு

அவருக்கு இடப்பட்ட பணி அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை உருவாக்குவது. அது என்ன? தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கி சுட்ட நண்பர்களுக்குத் தெரியும். ஒரு முறை சுட்டபின், போல்ட்டின் பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மடக்கினால்தான் அடுத்த குண்டு. அதற்குள் குறி விலகிவிடும். அரைத் தானியங்கியில் இந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். வீரர் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு செல்லும். விட்டு மீண்டும் அழுத்தினால் அடுத்த குண்டு செல்லும்.

இதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வெடித்த மருந்தின் வாயுவிலிருந்தே வருகிறது. குண்டு குழலின் முனையை நெருங்கும்போது, அதன் பின்னே வரும் வாயுவில் ஒரு சிறு பங்கு துளை வழியாக இறங்கி ஒரு தண்டைப் பின்னே தள்ளுகிறது. தண்டு போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. அமுங்கிய சுருள்வில் விரிந்து, புதுத் தோட்டாவை அறைக்குள் ஏற்றி மீண்டும் பூட்டுகிறது. நியூட்டனின் விதிகள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வேலை செய்கின்றன.

இந்த வேறுபாடு எத்தகையது என்பதை நம் நாடும் உணர்ந்தது. 1962 எல்லைப் போரில் நம் வீரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் போல்ட் இழுக்கும் .303 துப்பாக்கிகளே. அதன் பின்னரே இஷாப்பூரில் செய்த அரைத் தானியங்கிகள் நம் படைக்குப் பரவலாகக் கிடைத்தன.

போட்டியாளர்கள்

கேரண்டுக்கு முதல் போட்டியாளர் ஜான் பெடர்சன். ரெமிங்டன் நிறுவனத்தில் புகழ்பெற்ற வல்லுநர். அவருடைய துப்பாக்கியில் வாயுத் துளையோ தண்டோ கிடையாது. முழங்கால் போல் மேல்நோக்கி மடங்கும் ஒரு பூட்டு, பின்னுந்தலைத் தாமதப்படுத்தியது. .276 அங்குலத் தோட்டா பத்து கொள்ளும். உதைப்பும் குறைவு. காண்போரை மயக்கும் வேலைப்பாடு! ஆனால் ஒரு குறை. தோட்டாக் கூடு அறையில் ஒட்டாதிருக்க ஒவ்வொரு தோட்டாவுக்கும் மெழுகு பூச வேண்டும். போர்க்களத்தில் மெழுகில் மண் ஒட்டினால் என்னாகும்? கேரண்டின் துப்பாக்கிக்குச் சாதாரணத் தோட்டாவே போதும்.

எந்த அளவுத் தோட்டா சிறந்தது என்று அறிய 1928இல் மயக்கப்பட்ட பன்றிகளைச் சுட்டுக் காயங்களை ஆராய்ந்தனர். அந்தக் குழுவுக்குப் பன்றிக் குழு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் ஆடுகளும் பலியாயின. நாம் ஆராயும் பொருள் எது என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சோதனைகளின் முடிவில் கேரண்டின் .276 துப்பாக்கி தேர்வாயிற்று. ஆனால் 1932இல் படைத் தலைமைத் தளபதி மக்கார்தர் குறுக்கிட்டார். கிடங்கில் .30 தோட்டாக்கள் மலைபோல் குவிந்திருக்கையில் புது அளவு வேண்டாம் என்பது அவர் முடிவு. தோட்டா பருத்ததால் பத்துக்குப் பதில் எட்டே கொண்டது. கேரண்ட் வாதாடிக் காலம் கடத்தவில்லை. பெரிய தோட்டாவுக்கு ஏற்பத் துப்பாக்கியைத் திருத்தினார். 1936 ஜனவரி 9ஆம் நாள் அது எம்-1 என்னும் பெயரோடு படையில் ஏற்கப்பட்டது.

தொல்லைகள் அதன் பின்னும் தொடர்ந்தன. முதல் வடிவத்தில் வாயுவைக் குழலின் வாயிலேயே பிடித்தனர். அங்கே கரி படிந்து வேலை கெட்டது. 1939இல் கேரண்ட் அதை மாற்றி, குழலிலேயே துளையிட்டார். பிறகு, எட்டில் ஏழாம் தோட்டா மட்டும் சிக்குகிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்தபோது, உள்ளே தோட்டாவுக்கு வழிகாட்டும் விளிம்பைத் தொழிற்சாலை எந்திரம் சற்றே கூடுதலாகச் செதுக்கியிருந்தது தெரியவந்தது. மயிரிழை அளவுப் பிழை! அதுவும் திருத்தப்பட்டது.

இரண்டாம் போட்டியாளர் மெல்வின் ஜான்சன். வழக்கறிஞர்; கடற்படை வீரர் பிரிவின் அதிகாரி. அவருடைய துப்பாக்கி குழலின் பின்னுந்தலால் இயங்கியது. பத்துத் தோட்டா கொள்ளும். இடையிலேயே குறைந்ததை நிரப்பலாம். எம்-1இல் எட்டும் ஒரே உலோகக் கிளிப்பில் சேர்ந்து இறங்குவதால் இடையில் நிரப்புவது எளிதன்று. 1940இல் இதைப் பற்றிப் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் பெரும் வாதம் எழுந்தது. ஆனால் ஜான்சனின் குழல் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னே நகர வேண்டும். அதன் முனையில் கனமான பயனெட்டைப் பூட்டினால் இயக்கம் தடுமாறும். சான்டியாகோவில் நடந்த சோதனைக்குப் பின் கடற்படை வீரர் பிரிவும் எம்-1ஐயே தேர்ந்தது.

மூன்றாமவர் சோவியத் நாட்டின் பியோதர் டோக்கரேவ். அவருடைய எஸ்.வி.டி.-40 எம்-1ஐவிட எடை குறைந்தது. பத்துத் தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டலாம். தாளில் எழுதி மதிப்பெண் இட்டால் இதுவே முதலிடம் பெறும். ஆனால் வாயுவின் அளவை ஒரு திருகால் சரிசெய்து, அடிக்கடி துடைத்துப் பேண வேண்டும். அவசரப் பயிற்சியோடு களத்துக்கு வந்த கிராமத்து இளைஞர்களுக்கு அது எளிதாக இல்லை. செய்வதற்கும் செலவு மிகுதி. ஆகவே சோவியத் படை பழைய போல்ட் துப்பாக்கியையே பெருமளவில் செய்தது. ஜெர்மானியரோ 1941இல் குழல் வாயில் வாயு பிடிக்கும் முறையோடு தொடங்கி அல்லற்பட்டனர். அது கேரண்ட் ஏற்கெனவே கைவிட்ட முறை! 1943இல் டோக்கரேவின் வாயு முறையைத் தழுவிப் புதிய துப்பாக்கி செய்தனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எது சிறந்தது?

இவற்றை எடைபோட்டால் வியப்பான உண்மை ஒன்று தெரிகிறது. தனித்தனிக் கூறுகளில் எம்-1 பின்தங்கியே நிற்கிறது. தோட்டா எண்ணிக்கையில் மற்ற மூன்றும் முந்துகின்றன. எடையில் டோக்கரேவ் முந்துகிறது. இடையில் நிரப்புவதில் ஜான்சன் முந்துகிறது. எம்-1 ஏறத்தாழ 4.3 கிலோ. கிளிப்பை அழுத்தும்போது கட்டை விரலைக் கவனியாதவர் விரல் நசுங்குவதும் உண்டு.

அப்படியிருந்தும் நான் எம்-1க்கே முதலிடம் தருவேன். ஒரு வீரரின் படைக்கலத்தை அழகுப் போட்டியில் வைத்து மதிப்பிடக் கூடாது. கிடங்கில் உள்ள தோட்டாவை ஏற்குமா? தேர்ச்சி குறைந்தவர் கையிலும் இயங்குமா? இலட்சக் கணக்கில் ஒரே அளவாகச் செய்ய முடியுமா? இம்மூன்றுக்கும் சேர்த்து ஆம் என்று சொன்னது எம்-1. கடைசிக் கேள்விக்கு விடை தந்ததில் கேரண்டுக்கே பெரும் பங்குண்டு. துப்பாக்கியைச் செய்வதற்கான கருவிகளையும் எந்திரங்களையும்கூட அவர் வடிவமைத்தார். 1937இல் நாளொன்றுக்குப் பத்து என்று தொடங்கிய உற்பத்தி, 1941 ஜனவரியில் நாளொன்றுக்கு 600 ஆயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறக்குறைய 40 இலட்சமும், 1957க்குள் மொத்தம் சுமார் 54 இலட்சமும் செய்யப்பட்டன. அப்போரில் தன் காலாட்படையின் பொதுத் துப்பாக்கியாக அரைத் தானியங்கியை வழங்கிய ஒரே பெரிய நாடு அமெரிக்காவே.

கிடைத்த ஊதியம்

இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது என்ன? தம் காப்புரிமைகளை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு துப்பாக்கிக்கு ஒரு காசுகூடப் பெறவில்லை. மாதச் சம்பளம் மட்டுமே. 1944இல் அரசு ஒரு விருது அளித்தது. ஒரு இலட்சம் டாலர் அளிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அவர் கசப்புற்று வேலையை விடவில்லை. பனிச்சறுக்கில் அவருக்குப் பெருவிருப்பம். குளிர்காலத்தில் வீட்டுத் தரையில் நீர் பாய்ச்சி உறையவைத்துச் சறுக்கினார் என்றொரு வேடிக்கைச் செய்தி வழங்குகிறது. 1974 பிப்ரவரி 16ஆம் நாள், தம் 86ஆம் வயதில், ஸ்பிரிங்பீல்டு நகரிலேயே மறைந்தார்.

நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். துப்பாக்கிக்கு நீதி தெரியாது. நாஜிகளை வீழ்த்திய எம்-1, பின்னர் பல நாடுகளுக்குச் சென்று யார் யார் கையிலோ இருந்தது. கைவிட்டுப் போன கருவியைச் செய்தவர் திரும்ப அழைக்க முடியாது. அறிவியல் படிக்கும் நாம் இதை மறக்கலாகாது. ஆனால் வள்ளுவரும் படைமாட்சிக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். போரைத் தொடங்குபவர்கள் வேறு. ஏதோவொரு கிராமத்திலிருந்து அதற்கு அனுப்பப்படும் இளைஞர்கள் வேறு. அந்த இளைஞனின் கையில் இருப்பது நெருக்கடி நேரத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று பதினேழு ஆண்டுகள் ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தவர் கேரண்ட்.

நான் பாராட்டுவது அந்தப் பொறுப்பை. மயிரிழைப் பிழையையும் தேடிப் பிடிக்கும் அந்தப் பொறுமை, பாலம் கட்டுபவருக்கும் வேண்டும். மருந்து செய்பவருக்கும் வேண்டும். நம் நாட்டில் அது உயிர் காக்கும் கருவிகளில் பெருகட்டும்.