கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் செய்த ஆம்ப்: ஒரு பேண்டுக்கு எத்தனை வாட் போதும்?

ஃபெண்டர். கிட்டார் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தவருக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது.

அவர் ஒரு ரேடியோ மெக்கானிக். புதிதாக பேண்ட் தொடங்குகிறவர்கள் ஆம்ப் வாங்கப் போகும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, எத்தனை வாட் வேணும் என்பதுதான். கடையில் பெரும்பாலும் பெரியதைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெரிய ஆம்ப் எதற்காக உருவானது என்பது லியோவின் கதையில் இருக்கிறது. அது தெரிந்தால் உங்களுக்கு அது வேணுமா, வேணாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து ரேடியோ கடைக்கு

லியோ 1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தார்கள். 8 வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பிற்பாடு இரண்டாம் உலகப் போரின்போது அவர் ராணுவத்துக்குப் போக வேண்டியிராததற்கும் அதுதான் காரணம்.

பதின்ம வயதில் உறவினர் ஒருவரின் கடைக்குப் போனார். அங்கே அந்த உறவினர் தானே செய்த ஒரு ரேடியோ, ஸ்பீக்கர் வழியாகச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பையனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. பியானோ, சாக்ஸஃபோன் எல்லாம் கொஞ்சம் கற்றுக்கொண்டார், ஆனால் மனசு ரேடியோவின் உள்ளே இருந்த பாகங்களிடம்தான் இருந்தது.

படித்தது கணக்கியல், பார்த்த வேலையும் கணக்கர் வேலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் அதுவும் போனது. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டார். ஊர்க் கூட்டங்களுக்கும் நடன விருந்துகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தார். அப்படித்தான் இசைக்கலைஞர்கள் அவருடைய கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

அவர்கள் எல்லாருக்கும் ஒரே குறை. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கும் இடத்தில் கிட்டார் காதில் விழவே இல்லை.

சுத்தமான சத்தம்

1946இல் லியோ தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ், 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்று வந்த கிட்டார்களின் கதை பலருக்கும் தெரியும். அதே கூரையின்கீழ் ஆம்ப்களும் வரிசையாக வந்தன. கற்றுக்கொள்பவர்களுக்கு 5 வாட்டுக்குள் அடங்கும் குட்டி சாம்ப் வகை, பேஸ் கிட்டாருக்காக பாஸ்மேன், மேடைக்கு ட்வின்.

தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் வாசிக்கிறவர்களையே லியோ நம்பினார். புதிதாகச் செய்ததைக் கலைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் வாசிக்கும் இடத்துக்கே போய் நின்று கேட்டு, குறை சொன்னால் திரும்பக் கொண்டுவந்து பிரிப்பார். அவர் தேடியது ஒன்றுதான், கலங்காத சுத்தமான ஒலி.

வாட் என்பதை ஓர் அறையின் கூரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கூரையுள்ள அறையில் எகிறிக் குதித்தால் தலை இடிக்கும். சின்ன ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் அப்படித்தான். ஓர் எல்லைக்குமேல் வால்வுகளால் கொடுக்க முடியாது, ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். வாட்டைக் கூட்டுவது கூரையை உயர்த்துவது மாதிரி. சுத்தமான ஒலி கூடுதல் தூரம் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லியோ ஒழிக்கப் பார்த்த அந்தக் கரகரப்புதான் ராக் இசைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்த முதல் ஆம்ப், ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். அந்த வழியில் வந்த மார்ஷல் ஆம்ப்கள் புகழ்பெற்றது கரகரப்புக்காக.

ஸ்பீக்கர்களை எரித்த டிக் டேல்

1961இல் கலிஃபோர்னியாவின் பல்போவா கடற்கரையில் இருந்த ரான்டேவூ நடன அரங்கில் டிக் டேல் என்ற இளைஞர் வாசித்துக்கொண்டிருந்தார். சர்ஃப் இசையின் முன்னோடி. தடித்த கம்பிகள், அசுர வேகம். லியோ கொடுத்த ஆம்ப்களையும் ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தள்ளினாராம். என்னதான் நடக்கிறது என்று பார்க்க லியோவே சக பொறியாளர் ஃப்ரெடி டவாரெஸுடன் அரங்குக்குப் போனார் என்று டேல் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். ஆயிரக்கணக்கானோர் ஆடும் கூடம். மனித உடல்கள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கடையில் காதைப் பிளந்த ஆம்ப் அங்கே முனகியது.

அந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் ஷோமேன் வரிசை. 85 வாட் அளவு சக்தி, 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர். வாட்டைக் கூட்டியதோடு லியோ நிற்கவில்லை, ஸ்பீக்கரையும் மாற்றினார். பலர் கவனிக்காத விஷயம் இது. வாட் பற்றிய கணக்கு அங்கேதான் இருக்கிறது.

100 வாட் என்றால் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தமா?

இல்லவே இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் 10 மடங்காக வேண்டும். அதாவது 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்ப்பைவிடத்தான் இரண்டு மடங்கு சத்தம்.

ஒரே 1 வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபல் தரும், இன்னொன்று 100 தரும். அந்த 3 டெசிபல் வித்தியாசம், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஸ்பீக்கரை மாற்றுவது பல நேரங்களில் புது ஆம்ப் வாங்குவதைவிட மலிவு. பெட்டிமேல் வாட் எண்ணைப் பெரிதாக எழுதுகிறவர்கள் இந்த எண்ணை அந்த அளவுக்கு எழுதுவதில்லை, என்ன செய்ய.

1965

அந்த ஆண்டில் வாட் போட்டி உச்சத்துக்குப் போனது. தி ஹூ குழுவினர் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்துகொடுத்தார். ஆகஸ்ட் 15ஆம் தேதி நியூயார்க்கின் ஷே அரங்கத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். சுமார் 55,600 ரசிகர்கள். வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்கள். ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

100 வாட்டாலும் அந்த அரங்கத்தை நிரப்ப முடியவில்லை என்றால், குறை வாட்டில் இல்லை. அப்போதெல்லாம் பொது ஒலிபெருக்கி பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கிட்டாரின் ஒலி கடைசி வரிசைவரை போக, ஆம்ப் தானே தள்ள வேண்டியிருந்தது. பின்னர் ஆம்ப் முன்னால் மைக் வைத்து, பிஏ வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பும் பழக்கம் வந்தது. வாசிப்பவருக்குத் தன் ஒலி கேட்க மானிட்டர் வந்தது. பெரிய ஆம்ப்புக்கு இருந்த காரணம் போய்விட்டது. ஆனால் பெரிய ஆம்ப் போகவில்லை, பழக்கமாகிவிட்டது.

ஒலிப்பதிவில் நிலைமை இன்னும் தெளிவு. 1970இல் எரிக் கிளாப்டன் மயாமியில் 'லேலா' பாடலைப் பதிவுசெய்தபோது பயன்படுத்தியது லியோவின் குட்டி சாம்ப் ஆம்ப்தான்.

சரி, அப்போ எவ்வளவு வேணும்?

உங்கள் பேண்டில் அளவுகோல் டிரம்ஸ். சாதாரண டிரம் செட், சின்ன அறையில் எளிதாக 100 டெசிபலைத் தாண்டும். கிட்டார் அதற்கு ஈடுகொடுத்தால் போதும். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் 15 முதல் 30 வாட் வரையிலான வால்வு ஆம்ப் பெரும்பாலான பேண்டுகளுக்குத் தாராளம். லியோ காலத்து வடிவமைப்பான 22 வாட் டீலக்ஸ் ரிவெர்பை இன்றும் மேடையில் பார்க்கலாம். கலங்காத ஒலியைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றால் 40 வாட், அதற்குமேல் யோசியுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப் கூரையை இடித்தால் கேட்க நன்றாக இருக்காது, அதனால் அதில் 50 முதல் 100 வாட் என்று கொஞ்சம் இடம் விட்டு வாங்குவது நல்லது. பேஸ் கிட்டார் தனிக் கதை. தாழ்ந்த சுரத்துக்குச் சக்தி நிறைய தேவைப்படும், 200 முதல் 300 வாட் அங்கே மிகை இல்லை.

வீவக வீட்டுப் படுக்கையறையில்? 5 வாட் வால்வு ஆம்ப்பை முழுசாகத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இன்னொன்று. ஆம்ப் தரையில், உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் உங்களுக்குச் சரியாகக் கேட்காது. நீங்கள் கூட்டுவீர்கள், முன்னால் நிற்பவர் காது கிழியும். நாற்காலிமேல் தூக்கி வையுங்கள், அல்லது சாய்த்து வையுங்கள். காசு செலவில்லை. 85 வாட் ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ. அதை எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு போகிற தண்டனையும் மிச்சம்.

காதுதான் பெரிய விஷயம். 100 டெசிபலில் 15 நிமிடம், அதுதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு. ஜேமிங் ஸ்டூடியோவில் நாம் எடுப்பது இரண்டு மணி நேரம். கூடுதல் சத்தம் கேட்ட தி ஹூ குழுவின் பீட் டவுன்சென்டுக்குப் பின்னாளில் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு, காதில் இரைச்சல் நிரந்தரமானது. போன செவித்திறன் திரும்ப வராது. காதடைப்பான் பழுது பார்க்கிற செலவைவிட மலிவு என்று சொல்லலாம் என்றால், பழுது பார்க்கவே வழியில்லை.

லியோவுக்கு என்ன ஆனது?

1950களில் சைனஸில் வந்த கிருமித்தொற்று அவரை விடவே இல்லை. இனிப் பிழைக்க மாட்டோம் என்று நினைத்து, 1965 ஜனவரியில் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியது சிபிஎஸ், ஆமாம், ஓர் ஒளிபரப்பு நிறுவனம்! விற்ற பிறகு வேறொரு மருத்துவர் கொடுத்த மருந்தில் நோய் குணமாகிவிட்டது. போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற 10 ஆண்டு ஒப்பந்தம் மட்டும் மிச்சம்.

அது முடிந்ததும் 1975இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அந்த நிறுவனம் 130 வாட் ஆம்ப்கூட விற்றது. அதன் முன்பக்கத்தில், சக்தியைக் குறைத்துக்கொள்ள ஒரு சுவிட்ச் இருந்தது.

பிறகு நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனம். பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் வேலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் தேதி, 81 வயதில் காலமானார். அவர் உட்கார்ந்து வேலை செய்த அறையை, மேசையில் கருவிகள் கிடந்தபடியே பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள்.