ஓட்டைக் காரில் தொடங்கிய உலகப் புகழ்

அப்பா விற்றுவிட நினைத்த பழைய கார் அது. மகன் விட மறுத்தான். அந்த ஒரு பிடிவாதத்தால் உலகப் புகழ் பெற்றவர், புரூஸ் மெக்லாரன்.

நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி புரூஸ் பிறந்தான். தகப்பனார் பெயர் லெஸ். தாயார் பெயர் ரூத். ரெமுவேரா என்ற பகுதியில் லெஸ் ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். அதோடு சேர்ந்து கார் பழுது பார்க்கும் பட்டறையும் இருந்தது.

லெஸ் இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். அந்த ஆசை மகனின் ரத்தத்திலும் ஊறியிருந்தது. பெட்ரோல் வாசனையும் ஸ்பானர் சத்தமும்தான் புரூஸுக்குத் தாலாட்டு.

படுக்கையில் இரண்டு ஆண்டுகள்

ஒன்பது வயதில் புரூஸ் நொண்ட ஆரம்பித்தான். இடுப்பில் வலி. டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பெர்த்தஸ் நோய் என்று தெரிந்தது.

இது குழந்தைகளுக்கு வரும் நோய். தொடை எலும்பின் மேல் முனை, பந்து போல உருண்டையாக இருக்கும். அது இடுப்புக் குழியில் பொருந்திச் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். இந்த நோய் வந்தால் அந்தப் பந்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். எலும்பு வலுவிழந்து நொறுங்கும். பிறகு மெல்ல மெல்ல மீண்டும் வளரும். வளரும் வரையில் அந்தக் காலில் பாரம் விழக்கூடாது என்பது அந்தக் கால வைத்தியம்.

டகபுனா என்ற இடத்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்காக வில்சன் இல்லம் என்ற விடுதி இருந்தது. புரூஸை அங்கே சேர்த்தார்கள். சக்கரம் வைத்த ஒரு சட்டத்தில் அவனைப் படுக்க வைத்துக் கட்டினார்கள். கால்களை அசைக்க முடியாது. எழுந்து உட்கார முடியாது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவன் வாழ்க்கை இப்படியே கழிந்தது. ஓடி விளையாட வேண்டிய வயதில், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் எலும்பு தேறியது. புரூஸ் எழுந்து நின்றான். ஆனால் இடது கால், வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவன் சற்றுச் சாய்ந்தே நடந்தான். கால்பந்தும் ஓட்டமும் இனி அவனுக்கு இல்லை.

காலால் ஓட முடியாத பையன், சக்கரத்தில் ஓட ஆசைப்பட்டான்.

110 பவுன் கார்

ஒரு நாள் லெஸ் பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. ஓடி வரவில்லை. பாகம் பாகமாகப் பிரித்த நிலையில் வந்து சேர்ந்தது. லெஸ் அதை 110 பவுனுக்கு வாங்கியிருந்தார். பூட்டிச் சீராக்கி, லாபத்துக்கு விற்பது அவர் திட்டம்.

அது ஆஸ்டின் செவன் வகையைச் சேர்ந்த கார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் 1922-ம் ஆண்டு அந்த வகையை அறிமுகப்படுத்தினார். குறைந்த வருமானமுள்ள குடும்பமும் கார் வாங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். பின்னர் அதிலேயே தாழ்வான உடலும் இரண்டு இருக்கைகளும் கொண்ட பந்தய வகை வந்தது. அதற்கு அல்ஸ்டர் என்று பெயர். லெஸ் வாங்கியது அந்த அல்ஸ்டர்தான்.

என்ஜினின் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. இன்று சாலையில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களுக்கே இதைவிடப் பெரிய என்ஜின் உண்டு. காரின் வயதோ இருபதைத் தாண்டிவிட்டது.

தகப்பனும் மகனும் வேலையில் இறங்கினார்கள்.

பழைய காரைச் சீராக்குவது லேசான காரியம் அல்ல. ஒவ்வொரு பாகத்தையும் கழுவ வேண்டும். தேய்ந்தது எது, தேறுவது எது என்று பிரிக்க வேண்டும். வால்வுகளை அரைத்து, காற்று கசியாமல் உட்கார வைக்க வேண்டும். கிடைக்காத சாமானைப் பட்டறையிலேயே செய்துகொள்ள வேண்டும். ஒரு திருகாணி தளர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஒத்து வராது.

பொறுமை புரூஸுக்கு நிறைய இருந்தது. இரண்டு ஆண்டு படுக்கை அவனுக்கு அதைக் கற்றுக் கொடுத்திருந்தது.

விற்க வேண்டாம்!

கார் உருப்பெற்றது. லெஸ் அதை ஓட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுத்தது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இது ஆபத்தான வண்டி, விற்றுவிடுவதே நல்லது என்று முடிவு கட்டினார்.

புரூஸ் மன்றாடினான். அந்தக் காரைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்று சாதித்தான். தகப்பனார் மனம் இளகியது. கார் வீட்டிலேயே தங்கியது.

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பழ மரங்கள் இருந்தன. மரங்களைச் சுற்றி, எட்டு என்ற எண் வடிவத்தில், புரூஸ் ஒரு பாதை போட்டான். அதில் காரை ஓட்டி ஓட்டிப் பழகினான். வளைவில் வண்டி எந்தப் பக்கம் சறுக்குகிறது, எங்கே பிரேக் போட வேண்டும், எங்கே வேகம் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தோட்டத்தில் படித்த பாடங்கள்தான்.

ஓட்டிப் பார்ப்பான். குறை தெரியும். இறங்கிப் பட்டறைக்குப் போவான். திருத்துவான். மறுபடியும் ஓட்டிப் பார்ப்பான்.

பிறகு என்ஜினின் சக்தியைக் கூட்டும் வேலையில் புகுந்தான். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, என்ஜினுக்குள் ஒரு சிறிய அறையில் அழுத்தப்பட்டு எரிகிறது. அந்த அறையைச் சிறிதாக்கினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சக்தி கூடும். ஆனால் அளவு மீறினால் என்ஜின் தட்டும், உடைந்தும் போகும். எந்த எல்லை வரை போகலாம் என்பதை அனுபவத்தில்தான் அறிய முடியும். புரூஸ் தன் கையாலேயே அதை அறிந்தான்.

1952-ம் ஆண்டு, ஆக்லாந்துக்கு மேற்கே கடலோரத்தில் உள்ள முரிவாயில் மலையேற்றக் கார்ப் போட்டி நடந்தது. பள்ளிக்கூடப் பையனான புரூஸ், அந்த ஆஸ்டினில் கலந்துகொண்டான். அதுதான் அவன் முதல் போட்டி.

விற்பனைக்குப் போயிருக்க வேண்டிய கார், அவனைப் பந்தய வீரனாக்கியது.

கடல் கடந்து

அடுத்து வேறு கார்கள் வந்தன. ஃபோர்டு, ஆஸ்டின் ஹீலி, கூப்பர் என்று படிப்படியாக முன்னேறினார். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டார். நியூசிலாந்தின் இளம் வீரர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தில், 1958-ம் ஆண்டு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20.

ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிரபாம் அவருக்கு அண்ணன் போல வழிகாட்டினார். இருவரும் இங்கிலாந்தில் கூப்பர் கம்பெனிக்காக ஓட்டினார்கள்.

1959-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில் செப்ரிங் என்ற இடத்தில் கிராண்ட் பிரீ பந்தயம். பிரபாம் முதலில். புரூஸ் அவருக்குப் பின்னால். கடைசிச் சுற்று. பிரபாமின் கார் திடீரென்று மெதுவாகிவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது! புரூஸ் அவரைத் தாண்டிச் சென்று வெற்றிக் கோட்டைத் தொட்டார். பிரபாம் காரைக் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்து நாலாவது இடம் பெற்றார். அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் பிரபாமுக்குக் கிடைத்தது.

கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றவர்களிலேயே மிக இளையவர் என்ற பெருமை புரூஸுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22. அந்தச் சாதனையை 2003-ம் ஆண்டில்தான் ஸ்பெயின் வீரர் பெர்னாண்டோ அலோன்சோ முறியடித்தார்.

மறுபடியும் பழைய கார்

புகழ் வந்தது, பணமும் வந்தது. பழைய பழக்கம் மட்டும் போகவில்லை.

1963-ம் ஆண்டு அவர் சொந்தக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆள் பலம் சொற்பம். லண்டனுக்கு அருகே நியூ மால்டன் என்ற இடத்தில் ஒரு கொட்டகைதான் பட்டறை. மண் வாரும் எந்திரம் ஒன்றும் அதே கொட்டகையில் நின்றது.

அங்கே 1964-ம் ஆண்டு ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது. அது முதலில் கூப்பர் பந்தயக் கார். அமெரிக்காவில் விபத்தில் சிக்கி நொறுங்கியது. பிறகு ஒருவர் அதை வாங்கி, உருவத்தை மாற்றி ஓட்டினார். அதன் பிறகும் கை மாறியது. அந்தக் காரைத்தான் புரூஸ் விலைக்கு வாங்கினார்.

புதுக் கார் செய்யத் தெரிந்தவர், பழைய காரை ஏன் வாங்கினார்? பழைய காரின் குறைகளைத் திருத்தும்போதுதான், புதுக் கார் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். ஆஸ்டின் கற்றுக் கொடுத்த பாடம் அது.

அவரும் ஆட்களும் காரின் நடுச் சட்டத்தை அறுத்தெடுத்தார்கள். உறுதியான புதுச் சட்டம் வைத்துப் பற்றவைத்தார்கள். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, எட்டு சிலிண்டர் கொண்ட ஓல்ட்ஸ்மொபைல் என்ஜினைப் பொருத்தினார்கள். அந்தக் கார் கனடாவில் மோஸ்போர்ட் பந்தயத்தில் வென்றது. அதில் கற்றதை வைத்தே, தன் பெயர் தாங்கிய முதல் காரை அதே ஆண்டில் உருவாக்கினார்.

தன் பெயரில் வெற்றி

1966-ம் ஆண்டு பிரான்சில் லெமான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். புரூஸும் அவருடைய நாட்டுக்காரர் கிரிஸ் ஏமனும் ஃபோர்டு காரை மாற்றி மாற்றி ஓட்டி வென்றார்கள்.

1968-ம் ஆண்டு பெல்ஜியம் கிராண்ட் பிரீ. முன்னால் போன ஜாக்கி ஸ்டூவர்ட்டின் காரில் பெட்ரோல் தீர்ந்தது. புரூஸ் முந்திச் சென்றார். தான் முதலில் வந்தது அவருக்கே தெரியவில்லை. பந்தயம் முடிந்து இறங்கிய பிறகு மற்றவர்கள்தான் சொன்னார்கள்! தன் பெயர் தாங்கிய காரிலேயே கிராண்ட் பிரீ வென்றவர், அவருக்கு முன் பிரபாம் ஒருவரே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேன்-ஆம் என்ற பந்தயத் தொடர் நடந்தது. 1969-ம் ஆண்டு அதில் 11 பந்தயங்கள். பதினொன்றிலும் மெக்லாரன் கார்களே வென்றன.

கடைசிச் சோதனை

கார் செய்து கொடுத்து, வேறொருவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் முதலாளி அல்ல புரூஸ். சோதனை ஓட்டத்துக்கும் தானே போவார். தோட்டத்தில் பழகிய அதே முறை: ஓட்டு, குறை காண், திருத்து.

1970-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி இங்கிலாந்தில் குட்வுட் மைதானம். அடுத்த கேன்-ஆம் தொடருக்கான புதுக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்ப் பாதையில் கார் பாய்ந்து சென்றது. அப்போது காரின் பின்புற மூடி கழன்று பறந்தது. ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்திப் பிடிக்க உதவும் பகுதி அது. பிடிப்பு போய்விட்டது. கார் சுழன்று, பாதையோரம் இருந்த மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே உயிரிழந்தார்.

அவருக்கு வயது 32. மனைவி பாட்டியும் சிறு பெண் குழந்தையும் ஆதரவிழந்து நின்றார்கள். கம்பெனி இழுத்து மூடப்படும் என்றே பலர் நினைத்தார்கள்.

கம்பெனி மூடப்படவில்லை. கூட்டாளி டெடி மேயர் பொறுப்பை ஏற்றார். பன்னிரண்டு நாள் கழித்து கனடாவில் முதல் பந்தயம். புரூஸுக்குப் பதிலாக டான் கர்னி ஓட்டினார். வென்றார்! அவருடைய சக வீரர் டென்னி ஹல்மின் கைகள் மே மாதம் தீயில் வெந்திருந்தன. புண் ஆறுமுன்பே அவரும் களத்தில் இறங்கினார். அந்த ஆண்டின் கேன்-ஆம் பட்டத்தையும் வென்றார். 1974-ம் ஆண்டு மெக்லாரன் கார், எமர்சன் பிட்டிபால்டியின் கையில் உலகச் சாம்பியன் பட்டமும் பெற்றது.

ஆஸ்டின் என்ன ஆயிற்று?

அந்தச் சிறிய ஆஸ்டின் அழிந்துபோகவில்லை. இங்கிலாந்தில் வோக்கிங் நகரில் மெக்லாரன் கம்பெனியின் பெரிய தலைமையகம் எழுந்தது. உலகச் சாம்பியன் கார்கள் வரிசையாக அங்கே வைக்கப்பட்டன. அவற்றோடு அந்தப் பழைய ஆஸ்டினுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

பட்டறைக்கு வந்தபோது அதன் விலை 110 பவுன். பிரேக் பிடிக்காது. ஸ்டீரிங் இழுக்கும். ஓட்டிப் பார்த்தவரே வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டி. கால் குட்டையான ஒரு பையன் அதை வேண்டும் என்றான், பொறுமையாகத் திருத்தினான். இன்று பந்தய மைதானங்களில் பறக்கும் மெக்லாரன் கார்களுக்கெல்லாம் அதுவே மூத்த அண்ணன்.