சிற்றூரின் கண்ணாடி

கண்ணாடி முகத்தை உள்ளவாறே காட்டும். முகத்தில் கறை இருப்பின் அதனையும் மறைக்காது. தாம் பிறந்த சிற்றூருக்கே அத்தகைய கண்ணாடியாக விளங்கியவர் சிங்க்ளேர் லூயிஸ் என்னும் அமெரிக்க நாவலாசிரியர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் உள்ளது மின்னசோட்டா மாநிலம். அங்கே ஏரிக்கரையில், பரந்த சமவெளியின் நடுவே அமைந்த சிற்றூர் சாக் சென்டர். அவ்வூரில் 1885ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் லூயிஸ் பிறந்தார். தந்தையார் ஊர் மருத்துவர். ஒரு பெரிய கடைத்தெருவும், அதனைச் சூழ்ந்த மரவீடுகளுமே அன்றைய ஊர். அங்கு ஒருவரை ஒருவர் அறியாதார் இலர். காலையில் ஒரு வீட்டில் நிகழ்ந்தது மாலைக்குள் ஊர்ப்பேச்சாகிவிடும். துன்பம் வந்துற்றபோது ஓடி வந்து உதவுவோரும் அயலாரே. வழக்கத்திற்கு மாறாக நடப்போரை எள்ளி நகையாடுவோரும் அவ்வயலாரே.

லூயிஸ் தம் ஆறாம் வயதில் அன்னையை இழந்தார். செந்நிற முடியும் மெலிந்த உடலும் உடைய அவருக்கு விளையாட்டில் திறமை இல்லை. உடன் பயின்ற சிறுவர் அவரைக் கேலி செய்தனர். நூல்களே அவருக்கு உற்ற துணையாயின. 1898இல் ஸ்பெயின் நாட்டுடன் போர் மூண்டது. பதின்மூன்று வயதுச் சிறுவராகிய அவர், படையில் முரசறைவோராகச் சேரக் கருதி, வீட்டைவிட்டு ஓடினார். தந்தையாரோ அடுத்த ஊர்ப் புகைவண்டி நிலையத்திலேயே மகனைக் கண்டு அழைத்து வந்துவிட்டார்!

பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1908இல் பட்டம் பெற்றார். 1916இல் தம் மனைவியாருடன் ஊருக்குத் திரும்பினார். தமக்குப் பழகிப்போன தெருவை, வெளியிலிருந்து வந்த அவ்வம்மையாரின் கண்கொண்டு புதிதாக நோக்கினார். 1920இல் ‘மெயின் ஸ்டிரீட்’ என்னும் நாவல் வெளிவந்தது. நகரத்தில் பயின்ற பெண்ணொருத்தி, சிற்றூர் மருத்துவரை மணந்து, அவ்வூரைத் திருத்த முயன்று இடர்ப்படுவதே அதன் கதை. வீண்பேச்சையும், தம் ஊரே சிறந்தது என்னும் செருக்கையும் ஆசிரியர் கடிந்தார். எனினும், அதே மருத்துவர் எளிய உழவர் வீட்டில், விளக்கொளியில் அறுவை மருத்துவம் செய்து உயிர் காப்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

நூல் இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று. அமெரிக்கச் சிற்றூர்கள் பலவும் தம் முகத்தை அதில் கண்டன. சாக் சென்டர் மக்களோ மனம் புண்பட்டனர். உண்ட வீட்டிற்கே இரண்டகம் செய்தாரோ என ஐயுற்றனர். ஆனால் லூயிஸ் ஊரை வெறுத்தவர் அல்லர். 1930இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. உலகப் புகழ் எய்திய பின்னரும், 1931இல் தம் ஊர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டுமலருக்குக் கட்டுரை எழுதினார். அச்சிற்றூரில் வளர்ந்தது தம் வாழ்க்கைக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது என்று அதில் நன்றியுடன் குறிப்பிட்டார்.

நாளடைவில் ஊரும் மனம் மாறியது. தெரு ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் வளர்ந்த இல்லத்தைப் போற்றிக் காத்தது. முன்பு நாணத்திற்குக் காரணமாயிருந்த கடைத்தெருவே ஊரின் பெருமையாயிற்று. 1951 ஜனவரி 10ஆம் நாள் லூயிஸ் இத்தாலியின் உரோமை நகரில் காலமானார். அவரது சாம்பல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, சாக் சென்டர் இடுகாட்டில் பெற்றோர் அருகே அடக்கம் செய்யப்பெற்றது.

பிறந்த ஊரைப் புகழ்வது எளிது, பழிப்பதும் எளிது. அதன் நிறையையும் குறையையும் ஒருங்கே கண்டு, உண்மையை உரைத்து, பின்னும் அதனை நேசிப்பதே அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் லூயிஸ். நாமும் நம் ஊரை அவ்வாறு காணக் கற்போமாக!