அமுலுக்கு அடித்தளம் போட்ட திரிபுவன்தாஸ் படேல்: 15 நாள் பால் ஸ்டிரைக்கில் என்ன நடந்தது?

அமுல் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வர்கீஸ் குரியன்தான். ஆனால் குரியன் ஆனந்துக்கு வருவதற்கு 3 வருஷம் முன்பே அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் திரிபுவன்தாஸ் படேல்.

யார் இவர்?

1903-ல் குஜராத்தின் ஆனந்தில் பிறந்தவர். காந்தியின் வழியில் வந்தவர். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். சர்தார் வல்லபாய் படேலின் நம்பிக்கைக்குரிய தொண்டர்.

விவசாயிகளுக்கு என்ன பிரச்சினை?

ஆனந்த் அப்போது கைரா மாவட்டத்தில் இருந்தது. அங்கே பல வீடுகளில் ஒன்றிரண்டு எருமைகள்தான். தானியத்தை விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். கறந்த பாலை அப்படி வைக்க முடியுமா? சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதனால் வாங்குபவர் சொன்னதுதான் விலை.

1945-ல் பம்பாய் நகரத்துக்கு ஆனந்திலிருந்து பால் கொண்டுபோகும் திட்டம் வந்தது. பாலை வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. விவசாயிக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் இடைத்தரகர்கள். கறந்தவர் கைக்கு வந்ததோ கொஞ்சம்தான்.

15 நாள் போராட்டம்

விவசாயிகள் சர்தாரிடம் போனார்கள். பாலைச் சேர்ப்பது, பதப்படுத்துவது, விற்பது என மூன்றும் உங்கள் கையில் இருக்கணும் என்பதே அவர் காட்டிய வழி. 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடந்தது. அதன்பின் 15 நாள் பம்பாய் திட்டத்துக்குப் பால் போகவில்லை. தினசரி வருமானத்தை இழந்தும் விவசாயிகள் பின்வாங்கவில்லை. கடைசியில் அரசு இறங்கி வந்தது.

ஊர் ஊராகப் போய் சங்கம் சேர்த்தார் திரிபுவன்தாஸ். 1946 டிசம்பர் 14-ல் கைரா மாவட்ட பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. ஆரம்பத்தில் 2 கிராம சங்கங்கள், தினமும் சுமார் 250 லிட்டர் பால். அவ்வளவுதான்.

சங்கம் எப்படி இயங்கியது?

காலை, மாலை இரண்டு வேளையும் கிராம சங்கத்தில் பால் ஊற்றணும். அளவையும் கொழுப்பையும் பார்த்து விலை. ஒரு எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே வரிசை, ஒரே ஓட்டு. பாலைப் பதப்படுத்துவது மாவட்ட ஒன்றியத்தின் வேலை. 1973-க்குப் பிறகு விற்பனையை மாநில இணையம் பார்த்துக்கொண்டது. நம்ம ஊர் ஆவினும் இதே மூன்றடுக்கு முறையில் உருவானதுதான்.

குரியனைப் பிடித்து வைத்தவர்

1949-ல் அரசு வேலைக்காக ஆனந்துக்கு வந்தவர் குரியன். அந்த வேலையை விட்டுக் கிளம்பத் தயாரானவரைச் சங்கத்துக்காகத் தங்க வைத்தது திரிபுவன்தாஸ்தான். இயந்திரமும் விற்பனையும் குரியன் பொறுப்பு. விவசாயிகளின் நம்பிக்கை இவர் பொறுப்பு. 1963-ல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது.

ஒரு ரூபாய் பரிசு

1970-களில் பொறுப்பிலிருந்து விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு சுமார் 6 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கிராமத்துப் பெண்கள், குழந்தைகளின் ஆரோக்கியத்துக்காக அறக்கட்டளை தொடங்கினார்.

1994-ல் மறைந்தார். ஆனந்தில் கூட்டுறவுக்கென 2025-ல் வந்த திரிபுவன் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான்.