யோசேப் வாஸ் அடிகளார்

1641ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். இரண்டு இடங்களிலும் கத்தோலிக்கருக்கு நெருக்கடி ஏற்பட்டது. மலாக்காவில் செயின்ட் பீட்டர் தேவாலயம் எழுவதற்கு 1710 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவது பெருங்குற்றமாயிற்று. டச்சுத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே பதவிகள் கிடைத்தன. ஆகவே, பலர் அச்சத்தால் அத்திருச்சபையில் பெயர் கொடுத்தனர். பழைய செபமாலையை வீட்டுக்குள் ஒளித்து வைத்தனர். நாளடைவில் செபங்களையே மறந்தவர்களும் உண்டு.

இம்மக்களைத் தேடி வந்தவர்தான் யோசேப் வாஸ் அடிகளார். இவர் 1651ஆம் ஆண்டில் கோவாவில் பிறந்தவர். 1687ஆம் ஆண்டில் கூலியாள் வேடம் பூண்டு, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவுடனே கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியது. உடல் தேறியதும், கழுத்தில் செபமாலை தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அவர் ஒற்றராக இருப்பாரோ என மக்கள் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. அவர் அவசரப்படவில்லை. தங்களுக்கு ஒரு குரு வேண்டும் என்று மக்களே வாய்திறக்கும்வரை பொறுத்திருந்தார்.

பிறகு சில்லாலைக் கிராமத்தை இருப்பிடமாகக் கொண்டு, இரவு நேரங்களில் வழிபாடு நடத்தினார். பகலில் டச்சு ஆலயத்தில் தலைகாட்டியவர்களும் இரவில் அவரிடம் வந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கியிருந்தால், அவர் சந்திக்க யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள்? அவர் அவர்களது பாவ அறிக்கையைக் கேட்டார், மன்னிப்பு வழங்கினார், மறந்த செபங்களைத் தமிழிலேயே மீண்டும் கற்பித்தார்.

டச்சுக்காரரின் தேடுதல் தீவிரமடைந்ததும் அவர் புத்தளத்திற்குச் சென்றார். 1692ஆம் ஆண்டில் கண்டியை அடைந்தார். அங்கே அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், அவரைப் போர்த்துகீசிய ஒற்றர் என்று அரசரிடம் கூறினார். விளைவு, சிறைவாசம். யாழ்ப்பாணத்து மக்கள் கொண்ட அதே ஐயம் இங்கே விலங்காக மாறியது. அடிகளார் அங்கும் பொறுமை இழக்கவில்லை, சிங்களம் கற்றுக்கொண்டார். நாளடைவில் காவல் தளர்ந்தது. சிறை வளாகத்திலேயே சிறு குடிசை ஒன்றைக் கோவிலாக அமைத்துக்கொண்டார்.

1697ஆம் ஆண்டில் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசர் நகரை விட்டு அகன்றார். உறவினர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். தம்மைச் சிறையில் அடைத்த அந்நகரை விட்டு அடிகளார் நீங்கவில்லை. கோவாவிலிருந்து வந்திருந்த தம் மருமகனான குருவுடன் சேர்ந்து நோயாளிகளைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைப் புதைத்தார். அவர்களுடைய சமயம் எதுவென்று பார்க்கவில்லை. நோய் தணிந்தபின், அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவரது தொண்டைப் பாராட்டினார்.

அடிகளார் தம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார்.