ஒன்றுவிட்டு ஒருவர்: ஹாஃப்கின் வாழ்வும் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லும்

புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்காக நாம் நடத்திய சட்ட வகுப்பு ஒன்றின் முடிவில், ஒரு மாணவர் தயங்கியபடி வந்து நின்றார். மருந்துப் பரிசோதனைக்குத் தன்னார்வலராகப் போனால் சில நாள்களிலேயே நல்ல தொகை கிடைக்கிறதாம். போகலாமா, கூடாதா என்பதே அவர் கேள்வி. அதற்கு விடை தேடும்போது, இந்திய மண்ணில் தடுப்பூசி ஆய்வைப் பெரிய அளவில் நடத்திய வால்டெமர் ஹாஃப்கினின் வாழ்க்கையை நாம் மறுபடியும் படிக்க நேர்ந்தது.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ஜார் ஆட்சியின்கீழ் யூதராகப் பிறப்பதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பணிக்கு வரலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. 1881ஆம் ஆண்டு யூதர் குடியிருப்புகள்மீது கும்பல்கள் பாய்ந்தபோது, தற்காப்புக் குழுவில் நின்ற அந்த மாணவர் கைது செய்யப்பட்டார். ஆசிரியர் மெச்னிகோவ் தலையிட்டு அவரை மீட்டார். படிப்பு முடிந்ததும், மதம் மாறினால் பல்கலைக்கழகப் பதவிக்கு வழி திறக்கும் என்ற நிலை வந்தது. அவர் மாறவில்லை. ஜெனீவா வழியாகப் பாரிசுக்குச் சென்று, பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியாளராகச் சேர்ந்தார். புத்தகங்களை அடுக்கிய நேரம் போக மீதி நேரத்தில் காலரா நுண்ணுயிரை ஆராய்ந்தார்.

1892 ஜூலை 18 அன்று, தாம் உருவாக்கிய காலராத் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். ஆய்வின் ஆபத்தை ஆய்வாளரே முதலில் ஏற்பது அக்காலத்து மரபு. அதன் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன் உடலில் என்ன செலுத்தப்படுகிறது என்பதை முழுமையாக அறிந்திருந்த ஒரே மனிதரும் அவர்தாம்.

1893இல் அவர் இந்தியா வந்தார். மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியலாளர், போதாக்குறைக்கு ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். வெள்ளை மருத்துவ அதிகாரிகள் அவரை ஏற்கவில்லை, உளவாளியோ என்ற ஐயமும் எழுந்தது. 1894இல் கல்கத்தாவின் கத்தல் பாகான் சேரியில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்கே 10 பேருக்குக் காலரா கண்டு 7 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர்கூட ஊசி போட்டவர் அல்லர். அறிவியல் நோக்கில் இது பெரும் வெற்றி. அடுத்து அவர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, ஒப்பந்தக் கூலிகளுக்கு ஊசி போட்டார். தோட்டத்தைவிட்டு ஓடுபவரைக் கைது செய்யும் அதிகாரத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கே சட்டம் வழங்கியிருந்த காலம் அது. வெளியேறும் உரிமையே இல்லாத ஒருவர் ஊசிக்குக் கை நீட்டினால், அந்தச் சம்மதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தரப்பட்ட சிறிய இடத்தில் சில மாதங்கள் உழைத்து ஹாஃப்கின் புதிய தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று வழக்கம்போல் முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். அதே மாத இறுதியில் பைகுல்லாச் சிறைக்குள் பிளேக் நுழைந்தது. கைதிகளிடம் விருப்பம் கேட்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் முன்வந்தனர். ஊசி போடாதவர்களில் 12 பேர் நோயுற்று 6 பேர் இறந்தனர். போட்டவர்களில் இருவருக்கு நோய் கண்டது, யாரும் இறக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 1898இன் தொடக்கத்தில், உமர்காடி சிறையில் கைதிகளை வரிசையாக உட்காரவைத்து, ஒன்றுவிட்டு ஒருவருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே சிறை, ஒரே உணவு, ஒரே காற்று என்பதால் ஒப்பீடு துல்லியமாக அமையும். இன்றைய மருத்துவ ஆய்வின் அடிப்படை முறைக்கு இது முன்னோடி. ஆனால் அந்த வரிசையில் ஒருவர் எழுந்து தமக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வி, வழக்குரைஞர்களாகிய நம்மை விடுவதில்லை. பரோடாவுக்கு அருகில் உந்தேரா கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கே ஊசி போடப்பட்டது.

ஹாஃப்கினுக்கு நியாயம் செய்தாக வேண்டும். அதே ஆண்டுகளில் 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் பலத்தில் அரசு வீடு புகுந்து சோதனையிட்டது, குடிசைகளை அழித்தது, மக்களை முகாம்களுக்கு இழுத்துச் சென்றது. (கொரோனாக் காலத்தில் நம்மீது பாய்ந்ததும் இதே சட்டம்தான்.) அந்த வன்முறைக்கு நடுவே, ஊசியைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விட வேண்டும் என்ற பக்கமே அவர் நின்றார்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் இழுப்புநோய் கண்டு இறந்தனர். எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்தே மருந்து சென்றிருந்தது. விசாரணைக் குழு பம்பாய் ஆய்வகத்தின்மீது பழி சுமத்த, ஹாஃப்கின் பதவி இழந்தார். புட்டியைத் திறந்தபோது உதவியாளர் தரையில் தவறவிட்ட இடுக்கியைச் சரியாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதே காரணமாகலாம் என்பது பின்னர் தெளிவாகியது. மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் உள்ளிட்டோர் 1907இல் வெளிப்படையாக எழுதினர், பழி நீங்கியது. அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினாலும் பழைய பொறுப்பு மீளவில்லை. பிரான்சில் யூத அதிகாரி டிரைஃபஸ் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டதோடு இதை ஒப்பிட்டு எழுதுவார்கள். பொருத்தமான ஒப்பீடுதான். ஆயினும் நாம் படித்த வாழ்க்கை வரலாறுகளில் ஹாஃப்கினுக்கு நேர்ந்த அநீதி பல பக்கங்களுக்கு விரிகிறது. மாண்ட 19 கிராமத்தாரோ ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறார்கள்.

1914இல் பணி ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பிய அவர், கடைசிக் காலத்தில் ஆழ்ந்த மதப்பற்றாளரானார். தம் சொத்தை யூத சமயப் பள்ளிகளுக்கென எழுதிவைத்துவிட்டு, 1930 அக்டோபர் 26 அன்று லோசானில் காலமானார். பம்பாயின் பரேல் பகுதியில் உள்ள ஆய்வகத்துக்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பிளேக்கை அடுத்து உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், அதே பரேலில், அந்த ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்து வந்தார்.

வகுப்பில் இதையெல்லாம் சொன்னபோது இன்னொரு மாணவி வேங்கைவயலை நினைவூட்டினார். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், 2023இல் மரபணுச் சோதனைக்கு இரத்தம் தர அவ்வூர்த் தலித்துகள் 8 பேர் மறுத்தனர். பின்னர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தந்தனர். அது மருத்துவ ஆய்வன்று, குற்றப் புலனாய்வு. ஆனாலும் அவர் எதைச் சுட்டினார் என்பது வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

முதலில் கேட்ட மாணவருக்கு 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளை விளக்கினோம். ஆய்வின் நோக்கம், ஆபத்து, காலம் ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். படிவத்தின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். எந்த நாளிலும் அவர் விலகிக்கொள்ளலாம். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் படிவத்திலேயே இருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால், போவதும் போகாததும் அவர் முடிவு என்றோம்.

தமக்கு ஏற்கெனவே ஒரு படிவம் வந்துவிட்டதாகச் சொல்லி அலைபேசியில் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்திட வேண்டிய கடைசிப் பக்கத்தை மட்டுமே அனுப்பியிருந்தார்கள்.