மூச்சைக் காத்த மருத்துவர்

உணவின்றிச் சின்னாள் உயிர் வாழலாம். நீரின்றி ஓரிரு நாள் பொறுக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடமும் வாழ்தல் அரிது. அம்மூச்சு இயங்கும் வழியோ மிகச் சிறியது. குழந்தையின் மூச்சுக்குழல் அதன் சுண்டுவிரல் அளவே பருமனுடையது. அதில் ஒரு நிலக்கடலை சிக்கினாலும் உயிருக்கு இடர் நேரும். அவ்விடரைக் களையும் நெறியை உலகுக்குக் கற்பித்த மருத்துவருள் தலைசிறந்தவர் செவாலியர் ஜாக்சன் ஆவார்.

இளமை

அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரில் 1865 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் ஜாக்சன் பிறந்தார். மெலிந்த உடலும் மென்மையான உள்ளமும் உடைய அவரை உடன் பயின்ற முரட்டுச் சிறுவர்கள் ஓயாது துன்புறுத்தினர். ஒருமுறை கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கக் குழியில் அவரைத் தள்ளிவிட்டனர். சுரங்கத் தொழிலாளர் ஒருவரின் நாய் கண்டறிந்ததால் அவர் உயிர் பிழைத்தார். தாம் பட்ட துன்பம் அவர் நெஞ்சில் பகையை வளர்க்கவில்லை. துன்புறும் உயிர்களிடத்து இரக்கத்தையே வளர்த்தது.

குடும்பத்தில் பொருள் வளம் குன்றியது. கண்ணாடிக் கலங்களிலும் பீங்கான் கலங்களிலும் ஓவியம் தீட்டிப் பொருளீட்டி அவர் கல்வி கற்றார். 1886 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, குரல்வளை மருத்துவத்தில் புகழ் பெற்றிருந்த மோரல் மெக்கன்சியிடம் பயின்று ஊர் திரும்பினார்.

கருவியும் பொறுப்பும்

1890 ஆம் ஆண்டளவில், உணவுக்குழலின் உட்புறத்தை நேரே காண உதவும் குழாய்க் கருவி ஒன்றை ஜாக்சன் அமைத்தார். அதனைக் கொண்டு ஒருவர் விழுங்கிய பொய்ப்பல் தொகுதியையும், குழந்தை ஒன்று விழுங்கிய நாணயத்தையும் வெளியே எடுத்தார். ஆனால் பயிற்சியற்றோர் அக்கருவியைக் கையாண்டபோது நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது. அதனை அறிந்து அவர் பெரிதும் வருந்தினார். கருவி மட்டும் உயிரைக் காவாது. பயின்ற கையும் பொறுமையுமே காக்கும் என்பதை உணர்ந்தார். அதன்பின் கருவி செய்தலினும் கற்பித்தலையே பெரிதாகக் கொண்டார்.

1897 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு கில்லியன் என்னும் மருத்துவர், மூச்சுக்குழலின் கிளையில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் வழியே எடுத்துக் காட்டினார். ஜாக்சன் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். குழாயின் உள்முனையிலேயே சிறு விளக்கைப் பொருத்தி, இருண்ட வழியில் ஒளியேற்றினார். சிக்கிய பொருளைப் போன்ற மற்றொரு பொருளை வைத்து முன்னரே பழகிப் பார்த்த பின்னரே அவர் நோயாளியை அணுகுவார். வாய் திறந்த ஊக்கு தொண்டையில் கிடப்பின் அதனை இழுத்தல் ஆகாது; இழுப்பின் அதன் முனை சதையைக் கிழிக்கும். ஆதலின் உள்ளேயே அதனை மூடி, பின் மெல்ல வெளிக்கொணரும் முறைகளை வகுத்தார். அவர் எடுத்தனவாகிய 2,374 பொருள்கள் பிலடெல்பியாவிலுள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பொத்தான், ஊசி, எலும்பு, நாணயம், விளையாட்டுப் பொருள் முதலியவற்றை அங்குக் காணலாம்.

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் அறுவையிலும் அவர் நெறி வகுத்தார். குரல்வளையை ஒட்டி மிக மேலே துளையிடின், அங்குள்ள வளையக் குருத்தெலும்பு கெட்டு, வழி தழும்பேறிச் சுருங்கும். உயிர் காக்கச் செய்த அறுவையே பின்னர் மூச்சைத் தடுக்கும். இதனை 1921 ஆம் ஆண்டில் விளக்கி, சற்றுக் கீழே துளையிடுமாறும் அறுவைக்குப் பின் விழிப்புடன் பேணுமாறும் அறிவுறுத்தினார்.

வருமுன் காத்தல்

அக்காலத்தில் அமெரிக்க இல்லங்களில் துப்புரவுக்கும் சோப்புச் செய்வதற்கும் எரிசோடா பயன்பட்டது. சர்க்கரை போலத் தோன்றிய அதனைக் குழந்தைகள் அறியாது உண்டனர். அது உணவுக்குழலை எரித்து, தழும்பால் வழியை அடைத்தது. அவ்வாறு நீரும் விழுங்க மாட்டாத ஏழைச் சிறுமி ஒருத்தியை ஜாக்சனிடம் கொணர்ந்தனர். அவர் குழாயைச் செலுத்தி அடைப்பை அகற்றினார். அச்சிறுமி அஞ்சி அஞ்சி ஒரு மிடறு நீர் பருகினாள். நீர் தடையின்றி இறங்கியது. அவள் அவர் கையைப் பற்றி முத்தமிட்டாள்.

இவ்வாறு வரும் குழந்தைகளுக்கெல்லாம் மருத்துவம் செய்வதோடு தம் கடமை முடிந்ததென அவர் கருதவில்லை. எரிசோடாக் கலங்களின் மேல் நஞ்சு என்னும் எச்சரிக்கையும் முதலுதவிக் குறிப்பும் இருத்தல் வேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். 1911 ஆம் ஆண்டில் காசநோய் அவரைப் பற்றியது. பின்னரும் அது மீண்டும் வந்தது. நோய்ப்படுக்கையிலும் அவர் நூல் எழுதினார், முயற்சியைக் கைவிடவில்லை. 1927 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அதற்குரிய சட்டத்தில் கையொப்பமிட்டார்.

நிறைவு

1916 ஆம் ஆண்டு முதல் பிலடெல்பியாவின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஜாக்சன் கற்பித்தார். கரும்பலகையில் இரு கைகளாலும் படம் வரைந்து அவர் பாடம் நடத்துவார். 1958 ஆம் ஆண்டு தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அவர் எடுத்த பொருள்களை எண்ணிவிடலாம். கலத்தின் மேல் ஒட்டிய சிறு தாளால் துன்பமுறாது வளர்ந்த குழந்தைகளை யாரே எண்ண வல்லார்? நோய் தீர்த்தல் நன்று. அந்நோய் வாராமற் காத்தல் அதனினும் நன்று என்பதே அப்பெரியார் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.